தலைவர் மேல் பட்ட பந்து

ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் எங்கள் சங்கத்தின் முழுப்பெயர் கொங்கு வட்டார லான் டென்னிஸ் சங்கம். லான் என்றால் புல்தரை. சங்கத்தில் புல் கிடையாது. மூன்று கோர்ட்டுகளும் செம்மண்ணின் மேல் சாணி மெழுகியவை. வெள்ளிக்கிழமை மெழுகுவார்கள், சனிக்கிழமை காயும், ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர்களின் சாக்ஸ், பந்து, முழங்கால் எல்லாம் பச்சையாகும். நான்கு வருடங்களுக்கு முன் பொதுக்குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுந்து, "புல்லே இல்லாம லான்னு எழுதி வெச்சிருக்கறமே, சரிங்களா?" என்று கேட்டிருக்கிறார். தலைவர் தம்பிதுரை எழுந்தார்.

"மாடு என்னத்தைத் திங்குதுங்க?"

"புல்லுங்க."

"அப்பறம் என்னங்க?"

தலைவர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதில் ஏகமனதாக நிறைவேறியது. கேட்டவர் இப்போது வேறு சங்கத்தில் கேரம் ஆடுகிறார்.

சங்கத்தில் உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நிர்வாகிகள் நாற்பத்து மூன்று பேர். டென்னிஸ் ஆடத் தெரிந்தவர்கள் பத்தொன்பது பேர். விதிக் குழு, வலைக் குழு, பந்துக் குழு, இளநீர்க் குழு என்று பதினொரு குழுக்கள் உண்டு. எந்தக் குழுவிலும் இடம் கிடைக்காதவர்கள் மனம் புண்படக் கூடாது என்பதற்காகக் குழு அமைக்கும் குழு என்று ஒன்று உண்டு. இந்த 1995ஆம் வருடம் வரை அது எந்தக் குழுவையும் அமைத்ததில்லை. அதன் கூட்டம் மட்டும் மாதம் தவறாமல் நடக்கிறது. போண்டா நன்றாக இருக்கும்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பிதுரைக்கு அவிநாசி சாலையில் நூல் மில். வயது அறுபத்திரண்டு. பத்தொன்பது வருடங்களாக அவர்தான் தலைவர். ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்ற ஒன்று வந்துவிடுவதால், அதற்கு முந்தைய மாதம் முழுக்க அவருக்குத் தூக்கம் வராது என்று சொல்வார்கள். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. யாரும் நிற்காததே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஏழு வருடங்களாகச் சங்கத்தின் இரட்டையர் கோப்பை அவருடையது. ஏழும் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் "தம்பிதுரை மற்றும் ஒருவர்" என்று பொறித்திருக்கும். மற்றும் ஒருவரின் பெயர் கதிர்வேல். தலைவரின் மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை. வருடா வருடம் தலைவருக்கு மட்டும் ஜோடி சேர்க்கக் குலுக்கல் நடக்கும். தலைவரின் கையில் வருடா வருடம் கதிர்வேலின் சீட்டு வரும். குலுக்கல் குழு ஒளிவு மறைவில்லாமல் நடந்துகொள்வதற்குப் பேர்போனது. டப்பாவில் ஒரு சீட்டுதான் இருக்கிறது என்பதை எல்லாருக்கும் திறந்து காட்டிவிட்டுத்தான் குலுக்குவார்கள்.

தலைவர் ஆடும் முறை கொஞ்சம் வித்தியாசமானது. பக்கக் கோட்டுக்கு வெளியே நாலடி தள்ளி, வேப்ப மரத்தடியில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டிருக்கும். தலைவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டுடன் அதில் உட்கார்ந்து இளநீர் குடிப்பார். மடியில் மட்டை இருக்கும். கதிர்வேல் உள்ளே தனியாக ஓடிக்கொண்டிருப்பார். இது சரிதானா என்று 1988இல் ஒருவர் கேட்டபோது, சங்கச் செயலாளர் வக்கீல் ராமுலு சுற்றறிக்கை அனுப்பினார். இரட்டையர் ஆட்டத்தில் பந்தை எதிர்கொள்கிறவரின் ஜோடி, தன் பக்கத்தில், கோர்ட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இது உலகம் முழுவதும் உள்ள விதி. நிற்கத்தான் வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. உட்காரலாம். இளநீரைப் பற்றி விதி மௌனமாக இருக்கிறது, மௌனம் சம்மதம்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. எதிரணியின் சர்வீஸை ஜோடியில் இருவரும் மாறி மாறித்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளிக்குத் தலைவர் எழுந்து உள்ளே வந்தாக வேண்டும். இதற்கும் சங்கத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. தலைவர் எதிரே நின்றால் சர்வீஸ் போடுகிறவர் இரண்டு பந்தையும் வலையில் அடித்துவிட வேண்டும். அதற்கு மரியாதை டபுள் என்று பெயர். தலைவர் சர்வீஸ் போட்டால் திருப்பி அடிக்கிறவர் பந்தைச் சுவருக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் வைக்கவில்லை. அது பழக்கதோஷம்.

இந்தக் கோப்பைக்குத்தான் நானும் என் நண்பன் தாரிக்கும் ஜோடியாகப் பெயர் கொடுத்தோம்.

நான் சென்னியப்பன், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. என் சித்தப்பா பந்துக் குழுவில் இருப்பதால் எனக்கு உறுப்பினர் அட்டை. எனக்கு ஆட வராது. தாரிக்குக்கு வரும். அவன் அப்பா உமர் பாரூக்குக்கு கோட்டைமேட்டில் சூட்கேஸ் கடை. ஒரு பொதுத்துறை வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். வயது வரம்புப்படி அவனுக்கு இதுதான் கடைசி வருடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நடத்திய போட்டியில் முதலிடம் பெற்றதற்கான சான்றிதழ், தலைவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் கையில் இருக்க வேண்டும். இரண்டாமிடத்தை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை முதல் அவன் சூட்கேஸ் கடையில் உட்கார வேண்டும்.

"கடைல உக்காந்தா என்னடா தப்பு?" என்று கேட்டேன்.

"எங்க வாப்பா பூட்டு நல்லா இருக்கான்னு காட்டறதுக்கு என்னைய சூட்கேஸ் மேல ஏறி நிக்கச் சொல்லுவார்றா. கஸ்டமர் ஒருத்தருக்கு ஒருக்கா. ஒரு நாளைக்கு முப்பது கஸ்டமர்."

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ஒரே செட். எதிரே தலைவரும் மற்றும் ஒருவரும்.

உயர்ந்த நாற்காலியில் நடுவர் அங்கப்பன் ஏறி அமர்ந்தார். ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விசில் ஊதியவர், சங்கத்துக்கு வந்த பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. மற்றவர்களின் பந்து வெளியே விழுந்தால் "அவுட்டுங்க" என்பார். தலைவரின் பந்து வெளியே விழுந்தால், "சித்த அக்கட்ட உழுந்த மாதிரி இருந்துச்சுங்க, பரவால்லீங்க" என்று புள்ளியைத் தலைவருக்குக் கொடுப்பார்.

வலைக் கம்பத்தின் ஓரமாகக் குந்தியிருந்தவர் பீர் முகம்மது. சங்கத்தின் மார்க்கர். கோர்ட்டைப் பெருக்கி, கோடு போட்டு, உறுப்பினர்களோடு சம்பளத்துக்கு ஆடுகிறவரை மார்க்கர் என்பார்கள். இருபத்தாறு வருடமாக இருக்கிறார். சங்கத்தில் நன்றாக ஆடுகிறவர் அவர்தான். மார்க்கர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்பது சங்க விதி. நன்றாக ஆடுகிறவர்களை உள்ளே விட்டால் போட்டியின் தரம் கெட்டுவிடும்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சர்வீஸ் தாரிக். எதிரே தலைவர். தாரிக் மெதுவாக, மரியாதையாக, ஒரு குழந்தைக்குப் போடுவதுபோல் போட்டான். பந்து கட்டத்துக்குள் விழுந்து, துள்ளி, தலைவரின் காதோரமாகப் போனது. தலைவர் திரும்பி அதைப் பார்த்தார். ஏழு வருடத்தில் தன் பக்கத்தில் உயிரோடு வந்த பந்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பதினஞ்சு... லவ்வுங்க" என்றார் அங்கப்பன், இழவு சொல்லும் குரலில்.

செயலாளர் ராமுலு என் அருகில் வந்து, "தம்பி, அந்தப் பையனுக்கு வழக்கம் தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க. சர்டிபிகேட் வேணுமாமுங்க."

"சர்டிபிகேட்டுத்தான? ரன்னர்னு போட்டு லேமினேஷன் பண்ணியே குடுத்தறலாமுங்க."

தாரிக் லேமினேஷனை மறுத்துவிட்டான்.

என் முறை வந்தபோதுதான் பிரச்சினை. நான் வளர்ந்த விதம் அப்படி. தாத்தா வயது மனிதர் எதிரே நின்றுகொண்டு, "போடுங்க கண்ணு" என்கிறார். கை தானாக மடங்கி, பந்து தானாக வலைக்குப் போகிறது. இரண்டாவது பந்தும் அப்படியே. நான் என் சர்வீஸ்களை இந்த முறையில் இழந்துகொண்டிருந்தேன்.

"சென்னி, நீ யாரு டீமுடா?" என்றான் தாரிக்.

"வேணும்னு செய்யலைடா. கூச்சமா இருக்கு."

"கூச்சமா இருந்தா கண்ணை மூடிட்டுப் போடு."

கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அது அங்கப்பனின் நாற்காலிக் காலில் பட்டது. அவர் தலைவருக்குப் புள்ளி கொடுத்துவிட்டு, தலைவரிடம் மன்னிப்பும் கேட்டார்.

நான் இழந்ததையெல்லாம் தாரிக் பிடித்து, ஐந்துக்கு மூன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். தாரிக்கின் சர்வீஸ். இந்த கேமை எடுத்தால் கோப்பை, சான்றிதழ், வங்கி. நாற்பதுக்கு நாற்பது ஆயிற்று. டியூஸ் என்பார்கள். இதிலிருந்து அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுத்தால்தான் கேம்.

டியூஸில் பந்தை எடுக்க வேண்டியது தலைவர். அவர் தவறவிடுவார், நமக்கு ஒரு புள்ளி. அடுத்து எடுக்க வேண்டியது கதிர்வேல். வேகமாக ஓடிவந்து என் காலடியில் அடிப்பார், நான் துள்ளி ஒதுங்குவேன், மறுபடி டியூஸ். மறுபடி தலைவர், மறுபடி கதிர்வேல். நான் கணிதம் படிக்கிறவன். இந்த ஆட்டத்துக்கு முடிவு கிடையாது என்று மூன்றாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஐந்தாவது சுற்றில் இளநீர்க் குழு இரண்டாவது குலையை இறக்கியது. எட்டாவது சுற்றில், தலைவர் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து இளைக்கத் தொடங்கினார். பன்னிரண்டாவதில், ஒரு துணைத்தலைவர் அவருக்கு விசிறினார். விசிறுகிறவர் கோர்ட்டுக்குள் வரலாமா என்று கேள்வி எழுந்து, வரலாம் என்று முடிவானது.

பதினைந்தாவது டியூஸிலும் தலைவர் தவறவிட்டார். நமக்கு ஒரு புள்ளி. தலைவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து புதிய இளநீரை வாங்கிக்கொண்டார். எதிரே கதிர்வேல் தயாரானார். தாரிக்கின் கையெல்லாம் வேர்வை. பந்தில் ஒட்டியிருந்த சாணி அதில் நனைந்திருந்தது. மட்டையை வீசினான், பந்து வழுக்கிக்கொண்டு எங்கோ போனது. கட்டத்தைத் தாண்டியது. பக்கக் கோட்டைத் தாண்டியது. அதற்கப்பாலும் நாலடி போய், தரையில் விழாமல், நேராகத் தலைவரின் வயிற்றில் போய் நின்றது.

தொப்பென்று ஒரு சத்தம். இளநீர் சாய்ந்தது. வெள்ளைச் சட்டையில், தொப்புளுக்கு மேலே, வட்டமாக, பச்சையாக ஒரு முத்திரை. சார்பதிவாளர் ஆபீசில்கூட அவ்வளவு தெளிவாக விழுந்து நான் பார்த்ததில்லை.

"ஃபால்ட்டுங்க" என்றார் அங்கப்பன். "செகண்ட் சர்வீஸுங்க."

வலைக் கம்பத்தின் ஓரத்திலிருந்து பீர் முகம்மது மெதுவாக எழுந்தார்.

"ஐயா, அது ஃபால்ட்டு இல்லீங்க. மேட்ச் முடிஞ்சுதுங்க. இந்தப் பசங்க கெலிச்சுட்டாங்க."

ராமுலு சிரித்தார். "பாய், பந்து கோட்டுக்கு வெளியே நாலடிங்க. வெளியே போன பந்துக்குப் பாயிண்ட்டுங்களா?"

"தரையில உழுந்திருந்தா வெளியிங்க. உழுகறதுக்கு முந்தி எதிராளி ஜோடி மேல பட்டுப்போச்சுங்களே. சர்வீஸ் பந்து அப்பிடிப் பட்டா, போட்டவனுக்குப் பாயிண்ட்டுங்க. அவரு உள்ள இருந்தாலும் சரி, வெளிய இருந்தாலும் சரி."

"வெளிய உக்காந்திருக்கறவர் மேலயா?"

"எங்க வேணா இருக்கலாம்னு நீங்கதானுங்க லெட்டர் போட்டீங்க. எங்க இருந்தாலும் ஆட்டக்காரர் ஆட்டக்காரர்தானுங்க."

தாரிக் என் கையைப் பிடித்தான். "சர்டிபிகேட்?" என்றான். அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அது.

விதிக் குழு அவசரமாகக் கூடியது. பதினொரு பேர். தகரக் கொட்டகையில் மேசை போட்டு, மேசைக்கு விரிப்புப் போட்டு, விரிப்பு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று பேசி முடித்ததும், விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

சங்கத்தில் விதிப் புத்தகம் ஒன்றுதான். அது இரும்பு பீரோவில் மஞ்சள் துணி சுற்றி இருந்தது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அதை வெளியே எடுத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, திரும்ப வைத்துவிடுவார்கள். திறந்ததில்லை. இத்தனை வருடச் சந்தனமும் உள்ளே இறங்கி, புத்தகம் செங்கல்லைப்போல் இருந்தது. ராமுலு நகத்தால் பிரிக்கப் பார்த்தார். பேனாக் கத்தியை எடுத்தபோது ஒரு துணைத்தலைவர் தடுத்துவிட்டார். சாமி மேல் கத்தி படக் கூடாது.

கேன்டீன் நடத்தும் தெய்வாத்தாள்தான் வழி சொன்னார். "ஆவியில வெச்சா பிரியுமுங்க. தபால் கவரைப் பிரிக்கறதில்லீங்களா?"

புத்தகத்தை இட்லிச் சட்டியில் வைத்தார்கள். விதிக் குழுவினர் பதினொரு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து தெய்வாத்தாள், "ஏனுங்க, இது வெந்துச்சான்னு எப்பிடிங்க பாக்கறது? விரலைத் தண்ணியில தொட்டுக் குத்திப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"நானே பாக்கறேனுங்க, அம்மணி" என்றார் ராமுலு.

சந்தன மணத்தோடு புத்தகம் திறந்தது. ராமுலு மூக்குக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். இங்கிலீஷில் இருந்தது. படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. பீர் முகம்மது சொன்னது வரிக்கு வரி அப்படியே இருந்தது.

"பாய், நீங்க இந்தப் புஸ்தகத்தைப் படிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. நானு ஆடியிருக்கறனுங்க."

தலைவர் எழுந்தார். சட்டையை மாற்றவில்லை. அடிபட்டவர் என்பது தெரிய வேண்டும் அல்லவா? வயிற்றில் பச்சை வட்டத்தோடு அவர் ஆற்றிய உரையை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

"பெரியோர்களே. பாய் சொல்றாரு, நானு ஆட்டக்காரனாமா. எனக்கு வருத்தமா இருக்குதுங்க. பத்தொம்பது வருஷமா இந்தச் சங்கத்துல எதிர்ல வந்த ஒரு பந்தை நானு தொட்டதுண்டுங்களா? ஓடுனதுண்டா? வேர்த்ததுண்டா? ஏழு கப்பும் அப்பிடி வாங்குனதுதானுங்களே. இது நாட்டுக்கே தெரியும். அப்பிடியாப்பட்ட என்னையப் பார்த்து ஆட்டக்காரன்னு சொல்றது பொய்யுங்க, அவதூறுங்க. அந்த நிமிசத்துல நானு அங்க ஆட்டக்காரனா உக்காந்திருக்கலீங்க. தலைவரா உக்காந்திருந்தனுங்க."

பதினொரு பேரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் பீர் முகம்மது, "அப்பிடீன்னா கதிர்வேலு தம்பி ஒத்தையில ஆடியிருக்காப்லயாட்டம் இருக்குதுங்களே" என்றார்.

"அதுக்கென்னங்க?" என்றார் தலைவர்.

"ரெட்டையர் ஆட்டத்துல ஒத்தையாளு ஆடக் கூடாதுங்க. ஆடுனா அந்த டீமு அவுட்டுங்க. இன்னைக்கு மட்டுமில்லீங்க." அவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். ஏழு கோப்பைகளும் எங்களைப் பார்த்தன.

தலைவர் உட்கார்ந்துவிட்டார். ஆட்டக்காரர் என்றால் இன்றைய கோப்பை போயிற்று. ஆட்டக்காரர் இல்லை என்றால் எட்டும் போயிற்று.

ராமுலு வக்கீல். கோவை நீதிமன்றத்தில் ஒரு கிணற்று வழக்கை, கிணறு வற்றிய பிறகும் பதினாறு வருடம் நடத்தியவர். புத்தகத்தில் இன்னும் இரண்டு பக்கங்களைப் பிரித்தார். முகத்தில் ஒளி வந்தது.

"இருங்க. இங்க ஒரு விதி இருக்குதுங்க. சர்வீஸ் பந்து தரையில உழுகறதுக்கு முந்தி கோர்ட்டைச் சுத்தியிருக்கற நிரந்தரப் பொருள் மேல பட்டா, அது ஃபால்ட்டு. அவ்வளவுதான். செகண்ட் சர்வீஸ் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்."

"எதெதுங்க நிரந்தரப் பொருள்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"வேலி, சுவரு, நாற்காலிங்க, அதுல தங்களுக்குன்னு இருக்கற எடத்துல வழக்கமா இருக்கறவங்க. தலைவர் அந்த நாற்காலியில எத்தன வருஷமா இருக்கறாருங்க?"

"ஏழு வருஷமா."

"தலைவர் பதவியில?"

"பத்தொம்பது."

"நவுந்ததுண்டா?"

பதினொரு பேரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள்.

ராமுலு அங்கேயே தீர்மானத்தை எழுதிப் படித்தார். "கொங்கு வட்டார லான் டென்னிஸ் சங்கத்தின் தலைவர், சுவர், வேலி, வலைக் கம்பம் ஆகியவற்றைப் போல, இச்சங்கத்தின் நிரந்தரப் பொருள் என்று இக்குழு ஏகமனதாக அறிவிக்கிறது."

தலைவர் நிமிர்ந்தார். "இன்னொருக்காப் படிங்க."

ராமுலு படித்தார்.

"நிரந்தர..."

"நிரந்தரங்க."

"அப்போ எலெக்சன்?"

"சுவத்துக்கு யாருங்க எலெக்சன் வெக்கறாங்க?"

பதினொரு கைகள் உயர்ந்தன. பன்னிரண்டாவதாகத் தலைவரின் கையும் உயர்ந்தது. பொருளுக்கு ஓட்டு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. தாரிக் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு, "மறுபடி டியூஸா?" என்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முப்பது கஸ்டமரும் முப்பது சூட்கேஸும் அவன் கண்ணில் தெரிந்தன.

எல்லாரும் கோர்ட்டுக்குத் திரும்பினோம். நடுவர் ஏறினார். பிரம்பு நாற்காலியில் தலைவர் அமர்ந்தார். இந்த முறை கொஞ்சம் அசையாமல். பள்ளிக்கூடத்து நாடகத்தில் மரமாக நிற்கிற பையனின் பொறுப்பு முகத்தில் இருந்தது.

"செகண்ட் சர்வீஸுங்க" என்றார் அங்கப்பன்.

தாரிக் பந்தைத் தட்டினான். எதிரே கதிர்வேல் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். நாற்காலியைப் பார்த்தார். கண்ணாடி அலமாரி இருந்த திசையையும் ஒருமுறை பார்த்தார்.

"அங்கப்பண்ணா, ஒரு சந்தேகமுங்க" என்றார். ஏழு வருடத்தில் அவர் கோர்ட்டில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் அவரை ஊமை என்று நினைத்திருந்தேன்.

"சொல்லுங்க தம்பி."

"வலைக் கம்பம் எனக்கு ஜோடியா நின்னு ஆட முடியுங்களா?"

"அதெப்பிடிங்க முடியும்?"

"வேலி?"

"முடியாதுங்க."

"அப்போ இப்ப நானு யாரு கூட ஆடறேனுங்க?"

அங்கப்பன் நாற்காலியின் மேலிருந்து தலைவரைப் பார்த்தார், ராமுலுவைப் பார்த்தார். முப்பது வருடம் விசில் ஊதிய வாத்தியார் அவருக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். குரல் பழையபடி வந்தது.

"ஜோடி இல்லாததால கதிர்வேல் டீமு போட்டியில இருந்து வெலக்கப்படுது. கேம், செட், மேட்ச், அந்தப் பக்கம்." சொல்லிவிட்டு, பயந்துபோய், "ங்க" என்று தனியாக ஒன்று சேர்த்துக்கொண்டார்.

ராமுலு தலைவரின் காதருகே ஓடினார். "ஐயா, ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. தீர்மானத்தை வாபஸ் வாங்கறோம். நீங்க ஆட்டக்காரராயிருவீங்க. வேற ஏதாச்சும் விதி பாத்து..."

"வாபஸ் வாங்குனா?"

"நீங்க நிரந்தரமில்லீங்க."

தலைவர் யோசித்தார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். வேப்ப மரத்திலிருந்து ஒரு பழம் அவர் தோளில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. பொருள் தட்டிவிடாது.

"ராமுலு, கப்பு வருசா வருசம் வரும், போகும். நிரந்தரம் ஒருக்காத்தான் வரும். பசங்களுக்குக் குடுத்துப்போடுங்க."

"அந்த ஏழு கப்பு?"

"அதும் நிரந்தரப் பொருள்தான. நவுத்தாதீங்க."

ராமுலு சங்கத்தின் தட்டச்சு இயந்திரத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் அவர் வக்கீலாகவே இருந்தார். நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் நாளைக்கு யாராவது வழக்குப் போடுவார்கள் என்று ஒவ்வொரு சொல்லையும் அளந்து அடித்தார். தலைவர் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே "நிரந்தரத் தலைவர்" என்று தானே எழுதி, கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தார். அழகாக இருந்ததால் இன்னும் நாலைந்து சான்றிதழில் கையெழுத்துப் போட விரும்பினார். எனக்கு ஒன்று கிடைத்தது. தெய்வாத்தாளுக்கு ஒன்று கிடைத்தது. அதில் எந்த இடம் என்று எழுதவில்லை, ஆவி என்று மட்டும் எழுதியிருந்தது.

வெளியே வந்ததும் தாரிக் சைக்கிளை நிறுத்தி, தெரு விளக்கின் கீழே சான்றிதழைப் படித்தான்.

"சென்னி, இதை எடுத்துட்டுப் போனா என்னைய அடிச்சுத் துரத்திருவாங்கடா."

வாங்கிப் பார்த்தேன். 1995ஆம் ஆண்டு இரட்டையர் போட்டி. முதலிடம்: தாரிக், சென்னியப்பன். இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி: கதிர்வேல் மற்றும் ஒரு நிரந்தரப் பொருள்.

"கதிர்வேல் பேரு முதல்ல வந்திருக்கு பாரு" என்றேன். ஆறுதலாகச் சொல்ல வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் அவன் நேராகக் கல்லூரிக் கேன்டீனுக்கு வந்தான். டை கழுத்தில் திரும்பியிருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வட்டார மேலாளர். அவர் வேறு மூன்று சங்கங்களுக்குத் தலைவராக இருக்கிறார் என்பது அவர் மேசையில் இருந்த பலகையிலேயே எழுதியிருந்தது. சான்றிதழை வாங்கிப் படித்தார். கடைசி வரியில் அவர் கண் நின்றது. அந்தப் பொருள் என்ன பொருள் என்று கேட்டார். தாரிக் வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொன்னான். பதினைந்து டியூஸ், வயிறு, இட்லிச் சட்டி, தீர்மானம், எல்லாம். மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"அப்பறம்?"

"அப்பறம் வேலை கிடைச்சுருச்சுடா. ஒண்ணாந்தேதி சேரோணும்."

"சர்டிபிகேட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

"அதைத் திருப்பிக் குடுத்துட்டார்றா. சேர வாரப்ப அந்தத் தீர்மானம் இருக்குதில்ல, அதோட ஜெராக்ஸ் மூணு காப்பி எடுத்துட்டு வரச் சொன்னாரு."